ஒரு கூட்டல் குறியின் கதை

தொண்ணூறுகளில் உங்கள் வீட்டிலோ எதிர்வீட்டிலோ ஒரு டி.வி. கேம் இருந்திருக்கும். கோடை விடுமுறை. ஹாலில் ஏழெட்டுப் பையன்கள். டி.வி.க்குப் பின்னால் ஒயரைச் சொருகி, சானலைத் திருகித் திருகி, புள்ளி மழை ஓய்ந்து ஒருவழியாகப் படம் வந்ததும் ஒரு கரகோஷம். மஞ்சள் கலரில் கேசட். மேலே '9999 இன் 1' என்று கூசாமல் அச்சடித்திருப்பார்கள். உள்ளே எண்ணிப் பார்த்தால் முப்பது கேம் தேறினால் அதிகம். அதே மாரியோ வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வருவான். படம் வராவிட்டால் கேசட்டைப் பிடுங்கி, வாயருகே வைத்து 'ஃபூ' என்று ஓர் ஊது. மறுபடி சொருகினால் ஓடும். 'பிக்சர் ட்யூப் போயிடும்டா, நிறுத்துங்கடா' என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல் வரும். யாரும் நிறுத்த மாட்டார்கள்.

அந்தப் பையன்கள் கையில் வைத்திருந்த சமாசாரத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஜாய்ஸ்டிக் என்றுதான் சொல்வோம். ஆனால் அதில் ஸ்டிக்கே கிடையாது. வலது பக்கம் வட்டமாகச் சில பொத்தான்கள். இடது பக்கம் ஒரு கூட்டல் குறி. மேலே அழுத்தினால் மேலே. கீழே அழுத்தினால் கீழே. அவ்வளவுதான். யாரும் சொல்லித்தரவில்லை. நான்கு வயதுக் குழந்தைகூட, குனிந்து பார்க்காமலேயே அதில் கட்டைவிரலை வைத்து மாரியோவைக் குதிக்க வைத்தது.

அந்தக் கூட்டல் குறியை உருவாக்கியவர் ஒரு சீட்டுக்கட்டு கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த ஆசாமி. அதை அவர் டி.வி. கேமுக்காகச் செய்யவும் இல்லை.

பெயர், குன்பே யோகோய்.

*

ஜப்பானில் க்யோட்டோ என்றொரு பழைய நகரம். கோயில்களுக்குப் பேர் போன ஊர். 1889-ல் அங்கே ஃபுஸாஜிரோ யாமவுச்சி என்பவர் ஒரு சின்னக் கடை போட்டார். விற்ற சரக்கு, சீட்டுக்கட்டு. நம் ஊர் ஸ்பேட், ஆர்டின் அல்ல. ஹனஃபுடா என்று ஜப்பானுக்கே உரிய சீட்டு. மாசத்துக்கு ஒரு பூ வீதம் பன்னிரண்டு பூக்கள், மொத்தம் 48 சீட்டுகள். கடையின் பெயர் நின்டெண்டோ.

அறுபது வருஷம் அதே தொழில். 1949-ல் தாத்தா போய்ச் சேர, கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார் ஹிரோஷி யாமவுச்சி. கெடுபிடியான முதலாளி. கண்டிப்பு என்றால் அப்படியொரு கண்டிப்பு. சீட்டுக்கட்டை மட்டும் நம்பிக்கொண்டிருந்தால் வேலைக்காகாது என்று அவருக்குத் தோன்றியது. டாக்ஸி விட்டுப் பார்த்தார். உடனடிச் சாதம் போட்டுப் பார்த்தார். ம்ஹும். எதுவும் ஒட்டவில்லை.

1965-ல் அந்தக் கம்பெனியில் வந்து சேர்ந்தார் யோகோய். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். வயது 23. கிடைத்த வேலை, சீட்டு தயாரிக்கிற மெஷின்களைப் பராமரிப்பது. மெஷின் ஓடினால் இவருக்கு வேலை இல்லை. பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பொழுது போகாமல் தொழிற்சாலையிலேயே ஒரு பொம்மை செய்தார். கத்தரிக்கோல் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கட்டைகளை இணைத்து, கைப்பிடியை அமுக்கினால் 'சடார்' என்று நீண்டு, எட்டத்தில் இருக்கிற பொருளைக் கவ்விக்கொண்டு வரும் ஒரு நீளக் கை.

ஒருநாள் அதை வைத்து அவர் விளையாடிக்கொண்டிருந்ததை முதலாளி பார்த்துவிட்டார். அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. சீட்டு கிழிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் யோகோய் போனார். யாமவுச்சி திட்டவில்லை. அந்தப் பொம்மையை வியாபாரச் சரக்காகச் செய்துகொடு என்றார். 1966-ல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

அதோடு ரிப்பேர் வேலை போயிற்று. யோகோய் பொம்மை செய்கிறவர் ஆனார். 1969-ல் இன்னொன்று செய்தார். 'லவ் டெஸ்டர்.' ஓர் ஆணும் பெண்ணும் ஒரு கையால் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஆளுக்கொரு உலோகக் குமிழைப் பிடிக்க வேண்டும். டயலில் முள் ஏறும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு காதல். உள்ளே இருந்தது காதலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பள்ளிக்கூட பிசிக்ஸ் லேபில் இருக்கிற, மின்சாரம் பாய்வதைக் காட்டும் சாதாரண மீட்டர். வியர்த்த கை என்றால் முள் கொஞ்சம் கூடுதலாக ஏறும். காதலிக்கிறவனுக்குக் கை வியர்க்காமல் என்ன செய்யும்?

சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். யோகோயின் மொத்த வித்தையும் இந்தப் பொம்மைக்குள் இருக்கிறது. மீட்டர் பழசு. மலிவு. எங்கும் கிடைப்பது. அதை இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்வதற்கு ஒரு சாக்காக மாற்றினாரே, அதுதான் புதுசு.

தன் வித்தைக்குப் பின்னாளில் அவரே ஒரு பெயர் வைத்தார். தமிழில் சொன்னால், 'காய்ந்த தொழில்நுட்பம், பக்கவாட்டுச் சிந்தனை.' காய்ந்த என்றால் உளுத்துப்போனது என்று அர்த்தம் இல்லை. நம் ஊர்த் தச்சரைக் கேளுங்கள். பச்சை மரத்தில் கதவு செய்ய மாட்டார். வளையும், வெடிக்கும். நன்றாகக் காய்ந்த மரம்தான் அவருக்கு வேண்டும். அதன் குணம் தெரியும். இனிமேல் அது ஏமாற்றாது. அதே கதைதான். எல்லோரும் கரைத்துக் குடித்த, விலை விழுந்த தொழில்நுட்பத்தை எடுத்துக்கொள். அதை யாரும் பயன்படுத்தாத பக்கத்தில் பயன்படுத்து.

*

எழுபதுகளின் பிற்பாதி. புல்லட் ரயிலில் போய்க்கொண்டிருக்கிறார் யோகோய். பக்கத்தில் ஓர் ஆபீஸ் ஆசாமி. போரடித்துப்போய்க் கால்குலேட்டரை எடுத்து, கூட்டவும் வேண்டாமல் கழிக்கவும் வேண்டாமல், சும்மா பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்தார். பெரிய மனுஷன் ரயிலில் பொம்மையை எடுத்து விளையாட முடியாது. நாலு பேர் பார்ப்பார்கள். ஆனால் மடியில், இரண்டு கைக்குள் அடங்கிவிடுகிற மாதிரி ஒன்று இருந்தால்?

யோசனை மனசிலேயே கிடந்தது. ஒருநாள் முதலாளியின் டிரைவருக்கு உடம்பு சரியில்லை. அவருடையது வெளிநாட்டுக் கார். ஸ்டியரிங் இடது பக்கம். ஜப்பானில் எல்லோருக்கும் அது ஓட்ட வராது. யோகோய்க்கு வரும். ஓட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் பேச்சுவாக்கில் இந்த விஷயத்தைச் சொன்னார். யாமவுச்சி 'ம்' கொட்டினாரே தவிரப் பெரிதாக எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அன்று போன கூட்டத்தில் அவருக்குப் பக்கத்து நாற்காலி யாருக்குத் தெரியுமா? ஷார்ப் கம்பெனியின் தலைவருக்கு.

ஷார்ப் அப்போது கால்குலேட்டரில் பெரிய கை. எல்.சி.டி. திரை வைத்த கால்குலேட்டரை 1973-லேயே கொண்டுவந்தவர்கள். பிறகு ஆளாளுக்குப் போட்டி போட்டு விலையைக் குறைத்துக் குறைத்து, அந்தத் திரை கொள்ளை மலிவாகிவிட்டிருந்தது. அதை வேறு எதில் போட்டு விற்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். ஒரு வாரத்தில் ஷார்ப் ஆட்கள் நின்டெண்டோ வாசலில் நின்றார்கள்.

1980 ஏப்ரலில் முதல் 'கேம் அண்ட் வாட்ச்' வெளிவந்தது. உள்ளங்கை அகலம். நடுவில் சின்னத் திரை. ஒரு மூலையில் மணி காட்டும். இரண்டு ஓரத்திலும் இரண்டு பொத்தான், இரண்டு கட்டைவிரலுக்கு. மடியில் வைத்து ஆடினால் எதிர்சீட்டுக்காரருக்குத் தெரியாது. ரயில் ஆசாமியை யோகோய் மறக்கவில்லை. பதினோரு வருஷத்தில் இந்த வரிசையில் 4 கோடியே 34 லட்சம் விற்றது.

1982-ல்தான் சிக்கல் வந்தது.

ஆர்கேடில், அதாவது காசு போட்டு ஆடுகிற பெட்டிகளில், 'டாங்கி காங்' என்ற நின்டெண்டோவின் கேம் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. அதைக் கையடக்கத்தில் கொண்டுவர வேண்டும். திரை போதாது என்று மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு வைத்து, பவுடர் டப்பா மாதிரி மடக்குகிற பெட்டியாகச் செய்தார்கள். அதுவரை வந்த பல கேம்களுக்கு இடம், வலம் போதும். இதில் மாரியோ ஏணி ஏற வேண்டும், இறங்க வேண்டும். நாலு திசை.

ஆர்கேட் பெட்டியில் இதற்கு ஜாய்ஸ்டிக் இருந்தது. கெட்டியான குச்சி. கை முழுக்கப் பிடித்து ஆட்டலாம். இங்கே குச்சி நட்டால் பெட்டி மூடாது. சரி, நாலு தனித்தனிப் பொத்தான் வைக்கலாமா? வைக்கலாம். ஆனால் திரையைப் பார்ப்பதா, விரல் எந்தப் பொத்தான்மேல் இருக்கிறது என்று குனிந்து பார்ப்பதா?

யோகோய் நாலு பொத்தானையும் ஒன்றாக ஒட்டினார். ஒரே துண்டு பிளாஸ்டிக், கூட்டல் குறி வடிவில். நடுப்பகுதிக்குக் கீழே ஒரு முட்டு. சீசா பலகை மாதிரி அதன்மேல் சாயும். எந்தக் கையை அழுத்துகிறீர்களோ அந்தப் பக்கம் தாழ்ந்து, கீழே உள்ள இணைப்பைத் தொடும். எதிர்ப்பக்கம் தானாக மேலே எழும்பும். ஆகவே ஒரே சமயத்தில் இடது, வலது இரண்டையும் அழுத்துகிற குழப்பமே வராது. கட்டைவிரலை எடுக்கவே வேண்டாம். நடுவில் வைத்துவிட்டு லேசாகச் சாய்த்தால் போதும். எங்கே இருக்கிறோம் என்பது விரலுக்கே தெரியும். கண் திரையிலேயே இருக்கலாம்.

புது எலெக்ட்ரானிக்ஸ் ஏதும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் துண்டு. ஆனால் அதுவரை மணிக்கட்டால் ஆடிக்கொண்டிருந்த ஓர் ஆட்டத்தை அது கட்டைவிரலுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது.

*

அதே நேரத்தில் நின்டெண்டோவில் மஸாயுகி உவெமுரா என்ற இன்னொரு இன்ஜினீயர் வீட்டு டி.வி.யில் மாட்டுகிற மெஷினைச் செய்துகொண்டிருந்தார். முதலாளியின் உத்தரவு ஒன்றுதான். விலை குறைவாக இருக்க வேண்டும். ஜாய்ஸ்டிக் வைத்துப் பார்த்தார்கள். குழந்தைகள் தரையில் போட்டுவிட்டுப் போவார்கள், யாராவது மிதித்தால் குச்சி உடையும், காலும் பஞ்சராகும். என்ன செய்யலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, குழுவில் ஒருவர் கேம் அண்ட் வாட்ச்சின் கூட்டல் குறியை எடுத்து இதில் இணைத்துப் பார்த்தார். கச்சிதம்.

1983 ஜூலை 15. 'ஃபேமிகாம்' வெளிவந்தது. சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பெட்டி. விலை 14,800 யென்.

அந்த வருஷம் அமெரிக்காவில் என்ன நிலவரம்? வீடியோ கேம் தொழிலே படுத்துக்கொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் கேசட் போடலாம் என்று விட்டதில், குப்பையாக வந்து குவிந்தது. ஆளை விட்டால் போதும் என்று கடைக்காரர்கள் பாதி விலைக்குத் தள்ளினார்கள். அப்போது கொடிகட்டிப் பறந்த அடாரி கம்பெனி, 'இ.டி.' படத்தை வைத்து அவசர அவசரமாக ஐந்தே வாரத்தில் ஒரு கேம் செய்து வெளியிட்டது. விற்காத சரக்கை நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் அலமகோர்டோ என்ற ஊருக்கு லாரியில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். வெறும் வதந்தி என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2014-ல் தோண்டினார்கள். இருந்தது.

இழவு வீடாகக் கிடந்த அந்த அமெரிக்காவுக்கு, 1985-ல் நின்டெண்டோ போய் நின்றது. வீடியோ கேம் என்றாலே கடைக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். ஆகவே வேஷம் போட்டார்கள். பெயர் ஃபேமிகாம் அல்ல, 'நின்டெண்டோ என்டர்டெய்ன்மென்ட் சிஸ்டம்.' சிவப்பு வெள்ளை போய்ச் சாம்பல் நிறம். கேசட்டை மேலே சொருகாமல், வீடியோ டெக் மாதிரி முன்பக்கக் கதவைத் திறந்து உள்ளே தள்ளி அமுக்கவேண்டும். கூடவே ஒரு குட்டி ரோபோ பொம்மை. விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று சத்தியம் செய்து கடைகளில் வைத்தார்கள்.

வேஷம் பலித்தது. அதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. உள்ளே தள்ளி அமுக்குகிற அந்த ஏற்பாட்டில், கேசட்டைக் கவ்வுகிற 72 பின்களும் நாளடைவில் தளர்ந்தன. போதாததற்குப் போலிகளைத் தடுக்க ஒரு பூட்டுச் சில்லு வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் ஒன்று, கேசட்டுக்குள் ஒன்று. இரண்டும் ஓயாமல் ரகசிய பாஷையில் பேசிக்கொண்டே இருக்கும். பின் சரியாக ஒட்டாமல் பேச்சு அறுந்தால், திருடன் வந்துவிட்டான் என்று முடிவு கட்டி, பெட்டி தன்னைத்தானே அணைத்து அணைத்துப் போட்டுக்கொள்ளும். திரை 'பளிச் பளிச்' என்று மின்னும். அமெரிக்கப் பையன்களும் கேசட்டை ஊதினார்கள். நம் பையன்கள் மட்டும்தான் ஊதினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பட்டு உலோகம் அரிக்கும் என்று கம்பெனியே எழுதிப் பார்த்தது. யார் கேட்டார்கள்? உண்மையில் வேலை செய்தது ஊதல் அல்ல. கழற்றி மறுபடி மாட்டியதுதான்.

நமக்கு வந்த டி.வி. கேம் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த அமெரிக்க அவதாரத்தின் நகல் அல்ல. ஜப்பானிய ஃபேமிகாமின் நகல். அதில் பூட்டுச் சில்லு கிடையாது. திறந்த வீடு. யார் வேண்டுமானாலும் கேசட் அடிக்கலாம், ஒன்றுக்குள் நூறு கேமை அடைக்கலாம். ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் குவிந்த சரக்கின் ரகசியம் இதுதான். நகல் எடுத்தவர்கள் பெட்டியை மாற்றினார்கள், பெயரை மாற்றினார்கள். கூட்டல் குறியின் மேல் மட்டும் கை வைக்கவில்லை.

காப்புரிமையை மதித்தவர்கள்தான் கஷ்டப்பட்டார்கள். அந்த ஒரே துண்டு கூட்டல் குறிக்கு அமெரிக்காவில் 1987-ல் நின்டெண்டோவுக்குக் காப்புரிமை கிடைத்துவிட்டது. செகா கம்பெனி வட்டத் தட்டின்மேல் திசைகளை வைத்தது. பிற்பாடு வந்த சோனியின் பிளேஸ்டேஷனில் நடுப்பகுதியை மறைத்து, நாலு தனி அம்புகள் மாதிரி தெரிய வைத்தார்கள். வழி வேறு வேறு. எல்லோரும் தேடியது அதே கட்டைவிரலைத்தான்.

*

யோகோயின் பெரிய சூதாட்டம் 1989-ல் வந்தது. 'கேம் பாய்.'

கேசட் மாற்றி மாற்றி ஆடக்கூடிய ஒரு கையடக்க மெஷின். அந்த வருஷம் கலர் எல்.சி.டி. செய்ய முடியாமல் இல்லை. முடியும். கலர் வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். யோகோய் கறுப்பு வெள்ளைகூட வைக்கவில்லை. பாசி படிந்த குளத்துத் தண்ணீர் மாதிரி ஒரு பச்சைத் திரை, அதில் நாலே நாலு சாயை. பின்னால் விளக்கு கிடையாது. வெளிச்சம் இருக்கிற பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் ஆட வேண்டும்.

முதல் மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்த யாமவுச்சிக்குப் படமே தெரியவில்லை. நேராகப் பார்த்தால்தான் உண்டு, கொஞ்சம் சாய்த்தாலும் மங்கியது. இது விற்காது, நிறுத்து என்கிற அளவுக்குப் போய்விட்டார். யோகோய் இடிந்துபோனார். பிறகு வேறு ரகத் திரைக்கு மாற்றிப் பிழைத்தார். அப்போதும் கலர் பக்கம் போகவில்லை.

ஏன் அந்தப் பிடிவாதம்? பேட்டரி. விளக்கு போட்ட கலர் திரை, பேட்டரியை மோர் குடிக்கிற மாதிரி குடித்துவிடும். கேம் பாய்க்கு நாலு பென்டார்ச் பேட்டரி. பதினைந்து மணி நேரம் தாராளமாக ஓடும். திரை மலிவு என்பதால் விலையும் 12,500 யென்னில் நின்றது. ஒரு பையன் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனால், திரும்பி வருகிறவரை விளையாட வேண்டும். வழியில் பேட்டரி வாங்க அப்பாவிடம் கையேந்தக் கூடாது. யோகோய் போட்ட கணக்கு அதுதான்.

அதே 1989-ல் அடாரி 'லின்க்ஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பளபளவென்று கலர் திரை. அடுத்த வருஷம் செகாவின் 'கேம் கியர்.' அதுவும் கலர். எதிராளி இறங்கிவிட்டான் என்று முகம் வெளிறிப்போய் ஓர் ஊழியர் வந்து சொன்னபோது, யோகோய் கேட்டது ஒரே கேள்வி. அது கலரா, கறுப்பு வெள்ளையா? கலர் என்றதும், அப்படியானால் நமக்குக் கவலை இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

திமிர் அல்ல. கணக்கு. கேம் கியருக்கு ஆறு பேட்டரி. மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம். லின்க்ஸும் அதே ஆறு பேட்டரி, அதே கதை. கடையில் பார்க்கும்போது அவை அழகு. வாங்கி ஒரு மாதம் ஆனபின் பேட்டரி தீர்ந்து அலமாரியில் கிடந்தன.

கேம் பாயோடு அமெரிக்காவில் 'டெட்ரிஸ்' கேசட்டைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் 1984-ல் உருவாக்கிய, கட்டைகள் விழுகிற ஆட்டம். கலர் இல்லாவிட்டால் அதற்கு என்ன குறை? இரண்டு கேம் பாய்களை ஒயரால் இணைத்து இரண்டு பேர் மோதலாம். அந்த ஒயர் இருந்ததால்தான் 1996-ல் 'போகிமான்' வந்து, பையன்கள் தங்கள் பிராணிகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள முடிந்தது. ஏழு வயதுக் கிழட்டு மெஷினுக்கு அது இரண்டாம் இளமை. பிற்பாடு வந்த கலர் கேம் பாயையும் சேர்த்து மொத்தம் 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றது. கேம் கியர் சுமார் ஒரு கோடி.

வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் கருகிய ஒரு கேம் பாய் இருக்கிறது. முகப்பு உருகி வழிந்து, பார்க்கவே பரிதாபம். ஆனால் ஓடியது. நியூயார்க்கில் நின்டெண்டோவின் கடையில் பல வருஷம் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் டெட்ரிஸ் ஓடவிட்டு வைத்திருந்தார்கள். காய்ந்த மரத்தில் செய்த கதவு.

*

இத்தோடு முடித்தால் கதை சுபம். சரித்திரம் அப்படியெல்லாம் முடிய ஒத்துக்கொள்ளாது.

1995-ல் யோகோய் 'வர்ச்சுவல் பாய்' என்று ஒன்று செய்தார். கண்ணை உள்ளே வைத்துப் பார்த்தால் முப்பரிமாணத்தில் கேம். இங்கேயும் அதே சூத்திரம்தான். கலர் வேண்டாம். சிவப்பு எல்.இ.டி. மலிவு, குறைந்த மின்சாரம் போதும். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒற்றை வரிசைச் சிவப்பு விளக்கு, அதை வேகமாக ஆடுகிற கண்ணாடி முழுப்படமாக விரித்துக் காட்டும். கெட்டிக்கார ஏற்பாடு. கைப்பிடியில் ஒன்றுக்கு இரண்டாகக் கூட்டல் குறிகள்.

படுதோல்வி. எட்டு லட்சம்கூட விற்கவில்லை. ஒரு வருஷத்துக்குள் மூட்டை கட்டினார்கள்.

எங்கே தப்பு? தலையில் மாட்டிக்கொள்ளும்படி செய்வதாகத்தான் முதலில் திட்டம். கனம், பாதுகாப்பு என்று யோசித்து யோசித்து, கடைசியில் இரண்டு காலில் நிற்கிற ஸ்டாண்டில் வைத்துவிட்டார்கள். மேஜைமேல் வைத்து, கழுத்தைக் குனிந்து, முகத்தைப் புதைத்துக்கொண்டு ஆட வேண்டும். பாக்கெட்டிலும் அடங்காது, டி.வி.யிலும் தெரியாது. கறுப்பு இருட்டில் சிவப்புக் கோடுகளைப் பார்த்துப் பார்த்துக் கண் வலி, தலைவலி. ஏழு வயதுக்கு உட்பட்டவர்கள் தொடக் கூடாது என்று எச்சரிக்கை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நண்பனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் எவ்வளவு நேரம்தான் சும்மா உட்கார்ந்திருப்பான்?

யோகோயின் வெற்றிக்கு மலிவான பழைய சரக்குதான் காரணம் என்று இன்றைக்கும் பல பேர் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. வர்ச்சுவல் பாயிலும் மலிவான பழைய சரக்குதானே இருந்தது? லவ் டெஸ்டரில் இரண்டு பேரின் கை இருந்தது. கேம் அண்ட் வாட்ச்சில் ரயில் ஆசாமியின் மடி இருந்தது. கேம் பாயில் பையனின் பாக்கெட்டும் அவன் சிநேகிதனும் இருந்தார்கள். வர்ச்சுவல் பாயில் சூத்திரம் மட்டும் இருந்தது. மனுஷனின் கழுத்து மறந்துபோயிற்று. சூத்திரத்தை எழுதியவரையே சூத்திரம் கைவிட்டது.

1996 ஆகஸ்டில், இன்னும் மெலிந்த கேம் பாய் பாக்கெட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, யோகோய் நின்டெண்டோவிலிருந்து விலகினார். முப்பத்தியொரு வருஷ உத்தியோகம். வர்ச்சுவல் பாய் அவமானத்தில்தான் போகிறார் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் மறுத்தார். சொந்தமாக 'கோட்டோ' என்று சின்னதாக ஒரு கம்பெனி ஆரம்பித்தார். பண்டாய் கம்பெனிக்காகப் புதிதாக ஒரு கையடக்க மெஷின் வேலையில் இறங்கினார்.

1997 அக்டோபர் 4. இஷிகாவா மாகாணத்தில் நெடுஞ்சாலையில் கார். முன்னால் போன வண்டியோடு சின்ன மோதல்தான். என்ன ஆச்சு என்று பார்க்க இறங்கினார். பின்னால் வந்த இன்னொரு கார் அடித்தது. வயது 56.

அவர் பாதியில் விட்டுப்போன மெஷின் 1999-ல் வெளிவந்தது. 'வொண்டர்ஸ்வான்.' கறுப்பு வெள்ளைத் திரை. விலை 4,800 யென். ஒரே ஒரு பென்டார்ச் பேட்டரி, சுமார் முப்பது மணி நேரம். கூடவே வந்த புதிர் விளையாட்டுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 'குன்பே.'

அந்த வொண்டர்ஸ்வானில் கூட்டல் குறி கிடையாது. படுக்க வைத்தும் ஆடலாம், நிமிர்த்திப் பிடித்தும் ஆடலாம் என்பதால் நாலு நாலாகத் தனித்தனிப் பொத்தான்கள். உலகமே நகல் எடுத்த தன் கண்டுபிடிப்பைத் தன் கடைசி மெஷினில் அவரே வைக்கவில்லை. கை வேறு மாதிரி பிடிக்கிறது என்றால் பொத்தானும் வேறு மாதிரிதானே இருக்க வேண்டும்?

நின்டெண்டோவும் அதை மறக்கவில்லை. 2004-ல் வந்த அவர்களுடைய 'டி.எஸ்.' மேலும் கீழுமாக இரண்டு திரை வைத்து மடக்குகிற பெட்டி. 1982-ன் பவுடர் டப்பாவேதான். 15 கோடியைத் தாண்டி விற்றது. 2017-ல் வந்த 'ஸ்விட்ச்' மெஷினில் கைப்பிடி இரண்டாகக் கழன்று வரும். ஒன்றை நண்பனிடம் கொடுத்து உடனே இரண்டு பேராக ஆடலாம். அதற்காக இடது கைப்பிடியில் கூட்டல் குறியை எடுத்துவிட்டு நாலு தனிப் பொத்தான் வைத்தார்கள். சொந்தக் காப்புரிமைப் பெருமையைவிடப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நண்பன் முக்கியம்.

பரணில் அந்தப் பழைய டி.வி. கேம் இன்னும் இருக்கிறதா பாருங்கள். பெட்டி ஓடாது. கேசட் போயிருக்கும். பரவாயில்லை. கைப்பிடியை மட்டும் எடுத்துப் பிடியுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

கட்டைவிரல் தானாகப் போய் உட்காரும்.